நுண்குழல்கள் மணிமணியாக உடைந்து தெரிகின்றன. தவறு எங்கே?

இரண்டாமாண்டு · ஞாயிறு, இரவு 10:40

மூன்று மாதமாக ஒரே இடத்தில் நிற்கிறேன். ஆய்வகத்தில் நாள் முழுக்க ஆங்கிலம்தான். தமிழில் எழுதிப் பார்த்தால் எங்கே பிசகினேன் என்று எனக்கே பிடிபடலாம் என்று தோன்றியது. அதனால் இந்த இழை.

வேலை இதுதான். காஸ்-7 என்ற ஆய்வக வளர்ப்புச் செல்களில் உள்ள நுண்குழல்களை, அதாவது டியூபுலின் என்ற புரதத்தால் ஆன மெல்லிய குழாய்களை, சாதாரண நுண்ணோக்கியின் எல்லையைத் தாண்டிப் பார்க்கும் டி-ஸ்டார்ம் முறையில் படம் பிடிக்க வேண்டும். ஆல்ஃபா டியூபுலினைப் பிடித்துக்கொள்ள முதல் ஆன்டிபாடி, அதன்மேல் அலெக்ஸா 647 என்ற ஒளிரும் சாயம் ஒட்டிய இரண்டாம் ஆன்டிபாடி. வழக்கமான கன்ஃபோகல் நுண்ணோக்கியில் பார்த்தால் அருமையான வலை. அதே செல்லை டி-ஸ்டார்மில் எடுத்தால் நூல் அறுந்த மணிமாலை மாதிரி புள்ளி புள்ளியாக வருகிறது. புள்ளிகளுக்கு நடுவே இருட்டு.

நான் செய்வது: ஆய்வக அலமாரியில் இருக்கும் வட்டக் கவர்ஸ்லிப்பில் (மெல்லிய கண்ணாடித் தகடு) செல்களை வளர்க்கிறேன். பிபிஎஸ் ஊற்றி மூன்று முறை கழுவுகிறேன் (பிபிஎஸ் என்பது உப்பு பஃபர்). குளிர்பெட்டியில் இருக்கும் 4 விழுக்காடு பிஎஃப்ஏவில் (பாராஃபார்மால்டிஹைடு) 15 நிமிடம் ஃபிக்ஸ் செய்கிறேன், செல்லை இருந்தபடியே நிலைநிறுத்த. பிறகு சவ்வைத் திறக்க 0.1 விழுக்காடு ட்ரைட்டன், ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமலிருக்க பிஎஸ்ஏ புரதம், முதல் ஆன்டிபாடி ஒரு மணி நேரம், இரண்டாவது ஒரு மணி நேரம். சாயத்தைக் கண்சிமிட்ட வைக்கும் எம்இஏ பஃபரைக் காலையிலேயே கலந்து வைத்துவிடுவேன், ஏனென்றால் கருவிக்கு எனக்கு வாரத்தில் மூன்று மணி நேரம்தான் முன்பதிவு கிடைக்கிறது. அங்கே போய்ப் பஃபர் கலக்க நேரமில்லை.

ஆன்டிபாடி சரியில்லை என்று நினைத்து இரண்டு மாற்றிப் பார்த்தாகிவிட்டது. மூன்றாவதை வாங்கலாமா?

---

ஜூரோங் வெஸ்ட் · ஞாயிறு, இரவு 11:15

வாங்காதீர்கள் தம்பி. காலையில் கலந்த பஃபரைப் பற்றி நான் நாளை விவரமாக எழுதுகிறேன். அதற்கு முன்னால் ஃபிக்ஸ் செய்யும் கதையை மேசைவிளக்கு அக்கா சொன்னால் நன்றாக இருக்கும்.

---

மேசைவிளக்கு · திங்கள், காலை 7:05

ரயிலில் வரும்போதே படித்துவிட்டேன், தம்பி. உங்கள் செய்முறையில் எனக்கு முதலில் உறுத்தியது ஆன்டிபாடி அல்ல, "பிபிஎஸ் ஊற்றி மூன்று முறை" என்ற வரி.

பதினோரு ஆண்டுகளாக ஒரு கருவிக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். நுண்ணோக்கி பழுதா என்று கேட்டு வருபவர்களில் பெரும்பாலோர் கொண்டுவரும் மாதிரி, நுண்ணோக்கிக்கு வருவதற்கு முன்பே கெட்டுப் போயிருக்கும். அது எந்த நொடியில் கெட்டது என்பதைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

கன்ஃபோகலில் அருமையான வலை தெரிகிறது என்கிறீர்கள். தெரியத்தான் செய்யும். ஏர்ன்ஸ்ட் ஆபே 1873-இல் எழுதிய எல்லை அது: எவ்வளவு நல்ல லென்ஸ் போட்டாலும் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஏறக்குறைய 200 முதல் 250 நானோமீட்டருக்குக் கீழே இரு புள்ளிகளைப் பிரித்துப் பார்க்க முடியாது. உங்கள் நுண்குழலில் நூறு நானோமீட்டர் இடைவெளி விழுந்திருந்தால் கன்ஃபோகல் அதைப் பூசி மெழுகிவிடும். டி-ஸ்டார்மில் ஒவ்வொரு சாய மூலக்கூறும் தனித்தனியாகக் கண்சிமிட்டுகிறது, அதன் நடுப்புள்ளியைச் சுமார் 20 நானோமீட்டர் துல்லியத்தில் குறித்துக்கொள்கிறோம். இத்தனை நாள் மறைந்திருந்த உடைசல் இப்போது கண்ணில் படுகிறது. உங்கள் மாதிரி மூன்று மாதமாக இப்படித்தான் இருந்திருக்கிறது.

ஏன் உடைகிறது? நுண்குழல் உயிரோடு இருக்கும் செல்லில் நொடிக்கு நொடி நீண்டு, சுருங்கிக்கொண்டே இருப்பது. குளிர் அதற்கு ஆகாது. கால்சியமும் ஆகாது. 37 டிகிரியில் இருந்த செல்லை எடுத்து ஏர்கான் ஓடும் அறையில் வைத்து, அறை வெப்பத்தில் உள்ள பிபிஎஸ்ஸை மூன்று முறை ஊற்றினால் இரண்டு மூன்று நிமிடம் போய்விடுகிறது. அதற்குமேல் குளிர்பெட்டியில் இருந்த பிஎஃப்ஏ. பிஎஃப்ஏ செல்லுக்குள் வேகமாக நுழையும், ஆனால் புரதங்களைப் பிணைத்துக் கட்டுவது மெதுவாகத்தான். அது கட்டி முடிப்பதற்குள் குழல் அவிழத் தொடங்கிவிடும்.

நுண்குழலுக்கு நான் செய்வது இப்படி. பெம் பஃபர், அதாவது பைப்ஸ், இஜிடிஏ, மெக்னீசியம் குளோரைடு, பிஹெச் 6.9 அளவில். இஜிடிஏ கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எல்லாவற்றையும் 37 டிகிரி தண்ணீர்த் தொட்டியில் சூடாக்கி வைத்துக்கொள்வேன். கழுவுவது கிடையாது. மீடியத்தை உறிஞ்சி எடுத்த மறுநொடி பெம் பஃபரில் கலந்த 0.25 விழுக்காடு ட்ரைட்டன், 0.3 விழுக்காடு குளுட்டரால்டிஹைடு. ஒரு நிமிடம். அதை எடுத்துவிட்டு 2 விழுக்காடு குளுட்டரால்டிஹைடு, அதுவும் பெம் பஃபரில், 8 நிமிடம். முதல் நிமிடத்தில் ட்ரைட்டன் சவ்வைத் திறந்து, குழலில் சேராமல் மிதக்கும் டியூபுலினை வெளியே விடுகிறது. அதனால் பின்புலமும் குறைகிறது. இதெல்லாம் புகையறையில், கையுறையோடு. குளுட்டரால்டிஹைடு மூச்சுக்கும் கண்ணுக்கும் கெடுதல்.

அதன்பிறகு சோடியம் போரோஹைட்ரைடு, 0.1 விழுக்காடு, 7 நிமிடம். குளுட்டரால்டிஹைடு தானே ஒளிரும். இந்தப் படி அந்த ஒளிர்வைத் தணிக்கிறது. பொடியை அந்த நேரத்திலேயே நிறுத்துக் கரைக்க வேண்டும். தண்ணீரில் பட்டதும் ஹைட்ரஜன் குமிழி கிளம்பும், குழாயை மூடி வைக்காதீர்கள்.

---

இரண்டாமாண்டு · திங்கள், மதியம் 12:50

அக்கா, நன்றி. கழுவாமல் ஃபிக்ஸ் செய்யலாம் என்பதே எனக்குப் புதிது. எங்கள் ஆய்வகத்தின் செய்முறைத் தாளில் கழுவுவதுதான் முதல் படி.

ஒரு சந்தேகம். குளுட்டரால்டிஹைடு போட்டால் ஆன்டிபாடி ஒட்டாது என்று இங்கே ஒரு சீனியர் சொன்னார். மெத்தனாலே போதும் என்கிறார்.

---

மேசைவிளக்கு · திங்கள், மதியம் 1:30

அவர் சொல்வது சில ஆன்டிபாடிகளுக்கு உண்மை. அது ஒட்டும் இடத்தையே குளுட்டரால்டிஹைடு மூடிவிடும். ஆனால் டியூபுலின் ஆன்டிபாடிகளில் தாங்குபவை பல உண்டு. உங்களிடம் ஏற்கெனவே இரண்டு இருக்கிறதே, இரண்டையும் ஒரே நாளில் சோதித்துவிடுங்கள்.

மைனஸ் 20 டிகிரி மெத்தனால் நுண்குழலை ஓரளவு நன்றாகவே காக்கும். ஆனால் அது பிணைப்பதில்லை, நீரை எடுத்துப் புரதத்தை அப்படியே படிய வைக்கிறது. கொழுப்பைக் கரைத்துவிடும், செல் தட்டையாகிவிடும். நாளை மைட்டோகாண்ட்ரியாவையும் சேர்த்துப் பார்க்க ஆசை வந்தால் அந்த மாதிரி பயன்படாது.

---

திசுவெட்டி · திங்கள், மாலை 6:20

நான் திசுக்களோடு வேலை செய்பவள், செல் வளர்ப்பு எனக்கு அவ்வளவு பழக்கமில்லை. இருந்தாலும் ஃபிக்ஸ் செய்ய உதவும் இன்னொரு வேதிப்பொருளான கிளையாக்சால் பற்றி யாராவது பேச வேண்டும். 2018-இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் குழு ஒன்று பல ஆய்வகங்களைச் சேர்த்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்த்து வெளியிட்டது. அமில பிஹெச்சில், எத்தனால் சேர்த்த கிளையாக்சால், பிஎஃப்ஏவை விட வேகமாகப் புகுந்து, வேகமாகப் பிணைக்கிறது என்பது அவர்கள் முடிவு. குளுட்டரால்டிஹைடு அளவுக்கு நச்சுத்தன்மையும் இல்லை. எங்கள் வெட்டுகளில் சில ஆன்டிபாடிகளுக்கு இது கண்கூடாக நல்ல பலன் தந்தது.

---

மேசைவிளக்கு · திங்கள், இரவு 9:10

கிளையாக்சாலை நானும் மதிக்கிறேன், திசுவெட்டி. ஆனால் பிஹெச் 4, 5 என்று இறங்கும்போது சில இலக்குகள் கெடுகின்றன. ஒவ்வொரு ஆன்டிபாடிக்கும் தனியாகச் சோதிக்காமல் நம்ப மாட்டேன். நுண்குழலுக்கு என் ஓட்டு குளுட்டரால்டிஹைடுக்குத்தான். தம்பி முதலில் ஒரு வழியில் வென்று வரட்டும்.

---

ஜூரோங் வெஸ்ட் · திங்கள், இரவு 11:30

சொன்னபடி பஃபர் விஷயம். நான் வேதியியல்காரன், ஆகையால் கொஞ்சம் நீளும்.

அலெக்ஸா 647 கண்சிமிட்ட இரண்டு தேவை. ஒன்று தயோல், நீங்கள் போடும் எம்இஏ. இரண்டு, ஆக்சிஜனைக் குறைப்பது. அதற்குத்தான் குளுக்கோஸ் ஆக்சிடேஸ், கேட்டலேஸ் என்ற இரண்டு நொதிகளும் 10 விழுக்காடு குளுக்கோஸும். குளுக்கோஸ் ஆக்சிடேஸ் ஆக்சிஜனைத் தின்றுகொண்டே இருக்கும், கூடவே குளுக்கானிக் அமிலத்தையும் உண்டாக்கிக்கொண்டே இருக்கும். காலை ஒன்பது மணிக்குக் கலந்து மாலை மூன்று மணிக்குப் போட்டால் பிஹெச் 8-இல் தொடங்கிய பஃபர் எங்கே நிற்கிறது என்று ஒரு பிஹெச் தாளை நனைத்துப் பாருங்கள். பிஹெச் இறங்கினால் எம்இஏ தன் வேலையைச் செய்யாது. சாயம் சரியாக அணையாது. பல மூலக்கூறுகள் ஒரே நேரத்தில் எரிந்தால் மென்பொருள் இரண்டின் நடுவே ஒரு பொய்ப்புள்ளியை வைத்துவிடும். அதுவும் மணிமணியாகத்தான் தெரியும்! அக்கா சொன்ன உடைசலும் இதுவும் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கலாம்.

கருவிக்குப் போகும்போது நொதிகளைத் தனியாக, எம்இஏவைத் தனியாக, குளுக்கோஸ் சேர்த்த ட்ரிஸ் பஃபரைத் தனியாகப் பனிக்கட்டியில் எடுத்துச் செல்லுங்கள். ஏற்றுவதற்கு முன் கலக்க ஒரு நிமிடம் போதும். கிண்ணத்தை விளிம்புவரை நிரப்பி, மேலே ஒரு கண்ணாடித் துண்டு வைத்துக் காற்றுப் புகாமல் மூடுங்கள். திறந்து வைத்தால் காற்றிலிருந்து ஆக்சிஜன் வந்துகொண்டே இருக்கும், நொதி ஓயாமல் அமிலம் செய்யும். மூடி வைத்தாலும் சில மணி நேரத்தில் மாற்றிவிடுவது நல்லது.

எம்இஏ எந்த வடிவத்தில் வாங்கியிருக்கிறீர்கள் என்றும் பாருங்கள். ஹைட்ரோகுளோரைடு உப்பு என்றால் கரைசலே அமிலமாக இருக்கும், காரம் சேர்த்துச் சரி செய்ய வேண்டும்.

இன்னொன்று, இது நம் சிங்கப்பூருக்கே உரியது. வெளியே காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். ஆய்வகத்தில் ஏர்கான் ஓடினாலும் மைனஸ் 20 டிகிரியிலிருந்து எடுத்த புட்டியின் மேல் உடனே வியர்க்கும். அந்த நேரத்தில் திறந்தால் உள்ளேயும் வியர்க்கும். எம்இஏ பொடி ஈரம் உறிஞ்சிக் கட்டியாகும். போரோஹைட்ரைடு வீரியம் இழக்கும். நீங்களே ஆன்டிபாடியில் சாயம் ஒட்டுகிறீர்கள் என்றால் என்ஹெச்எஸ் எஸ்டர் சாயம் அந்த ஈரத்தாலேயே சிதைந்துவிடும், பிறகு எவ்வளவு கலந்தாலும் ஒட்டாது. புட்டியைச் சிலிக்கா ஜெல் போட்ட டெசிக்கேட்டரில் வைத்து அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள். அரை மணி நேரம். அதற்குள் கீழே போய் ஒரு கோப்பி வாங்கி வந்துவிடலாம்.

---

செங்காங் · செவ்வாய், காலை 8:15

இழையில் குறுக்கிடுகிறேன், மன்னிக்கவும். நான் ஸ்டெட் பயன்படுத்துகிறேன், அதாவது வளைய வடிவ லேசர் கற்றையால் சுற்றிலும் உள்ள ஒளிர்வை அணைத்து நடுவை மட்டும் பார்க்கும் முறை. பஃபர் தொல்லை இல்லை, மாதிரியைப் பதிக்கும் கெட்டியாகும் திரவமான மவுன்டன்டில் பதித்துவிடுகிறேன். ஆனால் ஆழம் போகப் போகப் படம் மங்குகிறது. இதற்கும் மாதிரித் தயாரிப்புதான் காரணமா?

---

மேசைவிளக்கு · செவ்வாய், காலை 8:50

ஆமாம், பெரும்பாலும் ஒளிவிலகல் எண்தான். லென்ஸில் இடும் எண்ணெயும் கண்ணாடியும் 1.52-ஐ ஒட்டி இருக்கின்றன. மவுன்டன்ட் அதைவிடக் குறைவாக இருந்தால் ஒளி வளைந்து, ஸ்டெட் கற்றையின் நடுவில் இருக்க வேண்டிய இருட்டுப் பள்ளம் தூர்ந்துவிடும். கெட்டியாகும் வகையை ஒரு முழு நாளாவது காய விடுங்கள். காயக் காயத்தான் அதன் எண் ஏறும். அவசரப்பட்டு அன்றே பார்த்தால் பலன் இருக்காது. செல் தட்டையாவதைப் பொறுத்துக்கொள்ள முடியாதென்றால் டிடிஇ என்கிற தயோடைஎத்தனாலைப் படிப்படியாகச் செறிவு ஏற்றி 97 விழுக்காடு வரை கொண்டு போகலாம், எண் எண்ணெயோடு பொருந்திவிடும். பிளாஸ்டிக் அடி கிண்ணம் மட்டும் வேண்டாம்.

---

திசுவெட்டி · செவ்வாய், காலை 10:05

ஆழம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். திசு வெட்டை எல்லாரும் வழக்கம்போல ஸ்லைடில் ஒட்டி, மேலே கவர்ஸ்லிப் மூடுகிறார்கள். அப்படிச் செய்தால் திசுவுக்கும் கண்ணாடிக்கும் இடையில் மவுன்டன்ட் ஒரு ஏரி மாதிரி நிற்கும். வெட்டைக் கவர்ஸ்லிப்பிலேயே எடுங்கள். கவர்ஸ்லிப் மெல்லிசு, கையில் உடையும், வரிசை எண் எழுத இடமில்லை, எல்லாம் தெரியும். ஆனால் அந்த ஒரு மாற்றத்தில் எனக்குக் கிடைத்த தெளிவை வேறு எந்தக் கருவிக்கும் கொடுத்திருக்க முடியாது.

---

மேசைவிளக்கு · செவ்வாய், மதியம் 1:10

கவர்ஸ்லிப் என்றதும் நினைவு வந்தது. தம்பி, அலமாரியில் இருக்கும் பெட்டியின் மேல் என்ன எண் எழுதியிருக்கிறது?

---

இரண்டாமாண்டு · செவ்வாய், மதியம் 1:25

எண் 1 அக்கா.

---

மேசைவிளக்கு · செவ்வாய், மதியம் 2:00

அது 0.13 முதல் 0.16 மில்லிமீட்டர். லென்ஸ் வடிவமைத்திருப்பது 0.17-க்கு. 1.5ஹெச் என்று எழுதியதை வாங்குங்கள். 170 மைக்ரோமீட்டர், கூடக்குறைய 5. எண்ணெய் லென்ஸில் தடிமன் வேறுபாட்டை எண்ணெயே ஓரளவு ஈடுசெய்யும், ஆகவே உங்கள் மணிகளுக்கு இது காரணமில்லை. நீர் லென்ஸ் போடும் நாளில் கட்டாயம் பாதிக்கும்.

அதைவிட முக்கியம் அழுக்கு. பெட்டியிலிருந்து வரும் கண்ணாடி சுத்தமானது அல்ல. ஒற்றை மூலக்கூறைப் பார்க்கும் கருவிக்கு ஒரு தூசியும் நட்சத்திரம் மாதிரித் தெரியும். 1 மோலார் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் சோனிகேட்டரில் 20 நிமிடம், பிறகு நிறையத் தண்ணீர், பிறகு எத்தனால். சுத்தம் செய்ததில் செல் ஏற்றாமல் ஒன்றை எடுத்து, வெறும் பஃபரோடு கருவியில் பாருங்கள். கருப்பாக இருக்க வேண்டும்.

---

கணக்கன் · செவ்வாய், இரவு 10:20

நான் படத்திலிருந்து எண் எடுப்பவன். மாதிரி தயாரிப்பதில்லை, ஆனால் தயாரித்தவர் செய்த ஒவ்வொரு தவறும் கடைசியில் என் மேசைக்கு வரும். நான் கேட்க நினைப்பது: இரண்டாமாண்டு, உங்கள் கோட்டின் அகலம் எவ்வளவு?

---

இரண்டாமாண்டு · செவ்வாய், இரவு 10:45

மணி இருக்கும் இடத்தில் 60 நானோமீட்டர் அளவு வருகிறது அண்ணா. நுண்குழல் 25 தானே? அதுவும் தப்பா?

---

கணக்கன் · புதன், காலை 12:10

அது தப்பில்லை, தம்பி. குழல் 25. அதன் மேல் முதல் ஆன்டிபாடி, அதன் மேல் இரண்டாவது, அதன் நுனியில் எங்கோ சாயம். நாம் போடும் ஐஜிஜி வகை ஆன்டிபாடி ஒன்றே 10 நானோமீட்டருக்கு மேல் நீளம். இரு பக்கமும் கூட்டிப் பாருங்கள், 50, 60 வரும். நாம் பார்ப்பது குழலை அல்ல, குழலைச் சுற்றி நிற்கும் சாயத்தின் உறையை. இந்த விலகல் சிறிதாக வேண்டுமானால் மிகச் சிறிய ஆன்டிபாடித் துண்டான நானோபாடி இருக்கிறது. ஐஜிஜி 150 கிலோடால்டன், நானோபாடி 15 தான். சாயம் இலக்குக்கு ஒட்டி நிற்கும்.

மணிகள் விஷயத்தில் இன்னொரு வழியும் இருக்கிறது: சாயம் போதாமை. 20 நானோமீட்டர் விவரம் வேண்டுமென்றால் குறைந்தது 10 நானோமீட்டருக்கு ஒரு சாயமாவது நிற்க வேண்டும். காண வேண்டிய விவரத்தில் பாதி இடைவெளிக்கு ஒரு புள்ளியாவது வேண்டும் என்கிற நைக்விஸ்ட் விதி இங்கேயும் அதேதான். கன்ஃபோகலுக்குப் போதுமான ஆன்டிபாடி அளவு இதற்குப் போதாது. செறிவைக் கூட்டி, நேரத்தையும் கூட்டிப் பாருங்கள். ஆன்டிபாடிப் புட்டியை மைக்ரோஃபியூஜில் முழு வேகத்தில் 10 நிமிடம் சுற்றி, மேலே உள்ளதை மட்டும் எடுங்கள். கட்டி கட்டியாகச் சேர்ந்த ஆன்டிபாடி அடியில் தங்கிவிடும். சாயம் ஏற்றி முடித்த பிறகு 10 நிமிடம் மறுபடி பிஎஃப்ஏ போட்டால் ஒட்டிய ஆன்டிபாடி கழன்று போகாது.

எது காரணம் என்று பிரித்தறிய எனக்குப் பிடித்த வழி செல்லின் உட்கருச் சவ்வில் உள்ள உட்கருத் துளை. என்யூபி96 புரதம் அதில் எட்டு மூலையிலும் நிற்கும், வட்டத்தின் விட்டம் 107 நானோமீட்டரை ஒட்டி இருக்கும். 2019-இல் இதையே ஓர் அளவுகோலாகப் பயன்படுத்தலாம் என்று செல் வரிசைகளோடு வெளியிட்டார்கள். எட்டு மூலையில் சராசரியாக எத்தனை எரிகிறது என்று எண்ணினாலே உங்கள் சாயமேற்றல் எவ்வளவு நிறைவாக இருக்கிறது என்று தெரிந்துவிடும். என்னிடம் வரும் ஒவ்வொரு ஆய்வும் இந்த ஒரு படத்தோடு வர வேண்டும் என்று ஆசை.

சில பத்து நானோமீட்டருக்கு இவ்வளவு அலட்ட வேண்டுமா என்று யாராவது நினைத்தால்: செல் தரையைப் பற்றிக்கொள்ளும் ஃபோகல் அட்ஹீஷனில் செல் சவ்வில் உள்ள இன்டெக்ரினுக்கும் உள்ளே ஓடும் ஆக்டின் இழைக்கும் நடுவே ஏறத்தாழ 40 நானோமீட்டர் தடிமனில் புரதங்கள் அடுக்கடுக்காக நிற்கின்றன என்று 2010-இல் காட்டினார்கள். அந்த ஆய்வின் முதல் ஆசிரியர் பகோர்ன் கன்சனவொங் பிறகு இங்கே, நம் மெக்கானோபயாலஜி இன்ஸ்டிட்யூட்டுக்கு வந்தார். ஃபிக்ஸ் செய்யும்போது செல் கொஞ்சம் சுருங்கினால் அந்த அடுக்குகளே ஒன்றோடொன்று கலந்திருக்கும். கண்டுபிடிப்பே இல்லாமல் போயிருக்கும்.

---

புக்கிட் பாத்தோக் · புதன், மாலை 7:40

கருவி நேரம் வாரத்துக்கு மூன்று மணி என்றால் எக்ஸ்பான்ஷன் மைக்ராஸ்கோபி செய்யலாமே? 2015-இல் எம்ஐடியில் வந்தது. சோடியம் பாலிஅக்ரிலேட், குழந்தை டயப்பரில் ஈரம் உறிஞ்சும் அதே பொருள். மாதிரியை அந்த ஜெல்லில் பிணைத்து, புரதங்களை நொதியால் கரைத்துவிட்டுத் தண்ணீரில் ஊற வைத்தால் நாலரை மடங்கு பெரிதாகும். பிறகு சாதாரண கன்ஃபோகலே போதும். நான் ஓராண்டாக இதைத்தான் செய்கிறேன்.

---

மேசைவிளக்கு · புதன், இரவு 9:00

நல்ல முறை, நானும் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. ஆனால் ஜெல் எதைப் பெரிதாக்கும்? ஊறும்போது இருப்பதைத்தான். உடைந்த குழல் நாலரை மடங்கு பெரிய உடைந்த குழலாக வரும். முதல் ஒரு நிமிடம் அங்கேயும் அதே ஒரு நிமிடம்தான்.

---

புக்கிட் பாத்தோக் · புதன், இரவு 9:20

ஒத்துக்கொள்கிறேன் அக்கா. நானும் பெம் பஃபர்தான் பயன்படுத்துகிறேன், அதைச் சொல்லாமல் விட்டது என் பிழை.

---

இரண்டாமாண்டு · அடுத்த வியாழன், இரவு 8:30

எல்லாருக்கும் வணக்கம். இன்று மூன்று மணி நேரம் முடிந்தது.

37 டிகிரி பெம் பஃபர், கழுவாமல் ஃபிக்ஸ், 1.5ஹெச் கண்ணாடி, பஃபரை அங்கேயே கலந்தேன். புதிய ஆன்டிபாடி வாங்கவில்லை. முதலில் வைத்திருந்ததே தாங்கியது. கோடுகள் முழுதாக வந்தன! முதல் படம் உருவாகி வரும்போது என் பக்கத்தில் இருந்த தோழி என் தோளைத் தட்டினாள், நான் பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஆனால் இரண்டு குறை. பின்புலம் மங்கலாக எரிகிறது. இன்னொன்று, நீண்ட படப்பதிவில் எல்லாக் கோடும் ஒரே பக்கம் இழுத்த மாதிரி அகலமாகிறது.

---

மேசைவிளக்கு · வியாழன், இரவு 9:15

நெஞ்சு நிறைந்தது, தம்பி.

பின்புலத்துக்கு ஒரு கேள்வி: போரோஹைட்ரைடை எப்போது கரைத்தீர்கள்?

---

இரண்டாமாண்டு · வியாழன், இரவு 9:20

முந்தின நாள் மாலை. குளிர்பெட்டியில் வைத்திருந்தேன். இப்போது புரிகிறது.

---

ஜூரோங் வெஸ்ட் · வியாழன், இரவு 9:40

ஒரு இரவில் எல்லாம் நீரோடு வினைபுரிந்து தீர்ந்திருக்கும். குமிழி வந்ததா என்று பாருங்கள். குமிழி இல்லையென்றால் அது வெறும் உப்புத் தண்ணீர்.

---

கணக்கன் · வியாழன், இரவு 10:30

ஒரே பக்கம் இழுப்பது நகர்வு. மாதிரி கருவியின் மேல் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது. ஏர்கான் காற்று மேடையின் மேல் நேராகப் படுகிறதா பாருங்கள். பனிக்கட்டியில் இருந்த பஃபரை ஊற்றி உடனே படம் எடுத்திருந்தால் கண்ணாடியும் உலோகமும் அறை வெப்பத்துக்கு வரும்வரை நகரும். ஏற்றி, மூடி, குறைந்தது அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். அந்த நேரத்தில் நல்ல செல்லைத் தேடிக்கொள்ளலாம்.

அத்தோடு 100 நானோமீட்டர் தங்கத் துகளைக் கண்ணாடியில் ஒட்ட வையுங்கள். அது கண்சிமிட்டாமல் எரிந்துகொண்டே இருக்கும். அது நகர்ந்த அளவைப் படம் முழுக்கக் கழித்துவிடலாம். ஒரு பார்வைப் பரப்பில் மூன்று நான்கு துகள் இருந்தால் போதும், அதிகமானால் அதுவே மறைக்கும்.

---

இரண்டாமாண்டு · அதற்கடுத்த வியாழன், இரவு 7:50

போரோஹைட்ரைடு குமிழி விட்டது. பின்புலம் கருப்பு. தங்கத் துகள் போட்டு நகர்வைக் கழித்தபின் சில இடங்களில் ஒரே குழல் இரண்டு இணைகோடாகத் தெரிகிறது, நடுவில் வெற்றிடம். கணக்கன் அண்ணா சொன்ன உறை அதுதானே? முதல் ஆன்டிபாடி இல்லாமல் இரண்டாவது மட்டும் போட்ட கவர்ஸ்லிப்பையும் எடுத்தேன், அதில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. மேற்பார்வையாளர் படத்தைப் பெரிய திரையில் போடச் சொன்னார். கழுவும் படியை ஆய்வகச் செய்முறைத் தாளிலிருந்து எடுத்துவிட்டோம்.

அடுத்து மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வும் (அதிலுள்ள டாம்20 புரதம்) நுண்குழலும் ஒரே செல்லில். இதே செய்முறை போதுமா?

---

கணக்கன் · வியாழன், இரவு 8:20

அதேதான், தம்பி. இரு கோட்டின் இடைவெளியைப் பத்து இடத்தில் அளந்து எனக்கு அனுப்புங்கள்.

---

மேசைவிளக்கு · வியாழன், இரவு 9:45

போதாது. முதல் நிமிடத்து ட்ரைட்டன் மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வைக் கிழித்துவிடும். ட்ரைட்டனை ஃபிக்ஸ் செய்தபிறகு தள்ளிவிடுங்கள்: 37 டிகிரியில் 3 விழுக்காடு பிஎஃப்ஏவும் 0.1 விழுக்காடு குளுட்டரால்டிஹைடும் சேர்த்து 10 நிமிடம், பிறகு போரோஹைட்ரைடு, பிறகுதான் ட்ரைட்டன். நுண்குழலின் பின்புலம் இதில் கொஞ்சம் கூடும். இரண்டையும் ஒரே செல்லில் பார்க்க அந்த விலையைக் கொடுக்கத்தான் வேண்டும்.

குளுட்டரால்டிஹைடை முழுதாக விட்டுவிடவும் வேண்டாம். பிஎஃப்ஏ மட்டும் போட்டால் சவ்வில் உள்ள பல மூலக்கூறுகள் ஃபிக்ஸ் ஆன பிறகும் நகர்கின்றன என்று ஜப்பானியக் குழு ஒன்று 2010-இலேயே காட்டியிருக்கிறது. அசைவதை அசையாதது என்று நம்பி அளந்தால், மேலே ஆன்டிபாடி இழுத்துச் சேர்த்த கொத்தைச் செல்லின் கொத்து என்று எழுதிவிடுவோம்.

டாம்20-க்கு முயல் ஆன்டிபாடி, டியூபுலினுக்கு எலி ஆன்டிபாடி என்று எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டாவது குறுக்கே ஒட்டாது. ஒவ்வொரு நிறத்தையும் தனியாக மட்டும் போட்ட கவர்ஸ்லிப் இரண்டு கூடவே வேண்டும். முதல் தடவை ஃபிக்ஸ் செய்யும்போது நான் பக்கத்தில் நிற்கிறேன். வெள்ளி காலை எங்கள் கூடத்துக்கு வாருங்கள், தண்ணீர்த் தொட்டியை எட்டரைக்கே 37-இல் வைத்துவிடுகிறேன். செல்களை மட்டும் சூடு ஆறாமல் கொண்டு வாருங்கள்.

---

இரண்டாமாண்டு · வியாழன், இரவு 9:58

எட்டரைக்கு வாசலில் நிற்பேன் அக்கா.